பழனியாண்டி வந்த சீட்டு

கிளி கூண்டை விட்டு வெளியே வருவதற்குள் வைரவன் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

உஸ்மான் சாலையில் மற்ற கடைகள் இன்னும் திறக்கவில்லை. வைரவன் ஸ்டோர்ஸின் இரும்புக் கதவு மட்டும் பாதி தூக்கியிருந்தது. தண்ணீர் தெளித்த வாசலில், கோலத்தை மிதிக்காமல் ஓரமாகத் துணி விரித்து உட்கார்ந்திருந்தார் கிளி ஜோசியர் பஞ்சாட்சரம்.

இந்தக் குடும்பம் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கும். கடைக்குப் பார்க்காது. கடைக்குக் கிளிதான். புதிதாக ஒரு கடை என்றால், கல்லாவில் உட்காரப் போகிறவர் பேருக்கு ஒரே ஒரு சீட்டு.

தெற்கேயிருந்து வந்து முதல் கடையைத் திறந்த அன்று, தம்பி கனகராஜ் விளையாட்டாகப் பனகல் பூங்காவிலிருந்து பஞ்சாட்சரத்தைக் கூட்டி வந்தான். கிளி லட்சுமியை எடுத்தது. கடை நிலைத்தது. விளையாட்டு வழக்கமாயிற்று. வழக்கம் சட்டமாயிற்று.

கனகராஜ் இப்போது இல்லை. அவன் மனைவி தங்கபுஷ்பம் இருக்கிறாள்.

மயிலாப்பூர் மாட வீதியில் எடுத்திருக்கும் சின்னக் கடை அவள் யோசனை. ரவிக்கைத் துணி, பாவாடை, உள்ளாடை. விற்பவர்களும் பெண்கள், வாங்குபவர்களும் பெண்கள். மாதக்கணக்கில் மறுத்து வந்த வைரவன் போன வாரம்தான், "சரி, நீயே உக்காரு" என்று தலையை அசைத்திருந்தார். விஜயதசமிக்குத் திறப்பு. நடுவில் மிச்சமிருந்தது இந்தச் சீட்டு மட்டும்.

"மீனா, வாம்மா," என்றார் பஞ்சாட்சரம். "தங்கபுஷ்பம்ன்ற பேருக்கு, மைலாப்பூர் கடைக்கு, நல்லதா ஒண்ணு எட்துக் குடும்மா."

கிளி நடந்து வந்தது. சீட்டுக் கட்டின் மேல் ஏறி ஒன்றை இழுத்துப் போட்டது. இன்னொன்றையும் போட்டது. அடுத்ததை அலகில் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஒரு நெல்லை வாங்கிக்கொண்டு கூண்டுக்குள் போய்விட்டது.

பஞ்சாட்சரம் உறையைப் பிரித்தார்.

மொட்டைத் தலை. கையில் தண்டம். இடுப்பில் ஒரு கோவணம்.

"பழனியாண்டவரு வந்துகீறாரு." பஞ்சாட்சரம் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தார். "வீடு துறந்து, வாசல் துறந்து, பட்டும் பொன்னும் துறந்து, ஆண்டிக் கோலம்..."

"போதும்," என்றார் வைரவன்.

"இன்னும் பாட்டு கீது சார்."

"மூடும்ன்னேன்."

வைரவனின் முகம் கறுத்துவிட்டது. "ஜவுளிக்கடைக்குச் சீட்டு எடுத்தா கோவணாண்டியா வாரான். இதுக்கு மேல பாட்டு வேற." சொன்னதும் பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி மேல குத்தமில்ல. அவரு நமக்குச் சொல்ற சேதியச் சொல்லிட்டாரு."

ஸ்கூட்டரில் சாய்ந்து நின்ற மகன் பக்கம் திரும்பினார்.

"ஏல ஜவஹர். மயிலாப்பூர்ல நீ உக்காரு."

"நானா? அங்க பூரா பொம்பளைங்க சாமான்லாப்பா."

"துணிதானல. துணியில என்ன ஆம்பள, பொம்பள."

மடியிலிருந்து சாவியை எடுத்துப் போட்டார். ஜவஹர் அதைப் பிடிக்க விரும்பவில்லை. பிடித்துவிட்டான்.

தங்கபுஷ்பம் கதவோரம் நின்றிருந்தாள். சாதாரணமாக வைரவன் முன்னால் அவள் பேச மாட்டாள். பேசவேண்டியிருந்தால் அவர் மனைவி இசக்கியம்மாளிடம் சொல்லி, அது சுற்றிக்கொண்டு போகும்.

"சீட்டு யார் பேருக்கு வந்துச்சு அத்தான்?"

வைரவன் திகைத்தார். "உன் பேருக்குத்தான். அதான சொல்லுதேன்."

"என் பேருக்கு வந்ததுக்கு அர்த்தம் நீங்க சொல்லுதியளே."

குனிந்து, பஞ்சாட்சரத்தின் விரலிடுக்கிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தாள்.

"தாயி, கட்டுல கொறயும்," என்றார் பஞ்சாட்சரம்.

"பாத்துட்டுத் தாரேன்."

வீட்டுக்குப் போகும் சந்தில் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கால் நின்றிருக்கும்.

*

கடைக்குப் பின்சந்தில் வீடு. கடையில் வேலை செய்கிற பையன்கள் எல்லாரும் ஊர்க்காரர்கள். அவர்களுக்கு மதியச் சாப்பாடு முதலாளி வீட்டுக் கூடத்தில். இரண்டு பந்தி. கனகராஜ் போன பிறகு அந்தச் சமையல் தங்கபுஷ்பத்தின் கைக்கு வந்தது. அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் மறுக்கவில்லை.

இன்று உலை கொதித்துக்கொண்டிருந்தது. தங்கபுஷ்பம் அறையில் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னளா," என்றாள் இசக்கியம்மாள் வாசற்படியில் நின்று. "அரிசியக் களையாம சீலையக் கட்டிட்டு நிக்க."

"மயிலாப்பூர் போறேன்க்கா. ஜமீலாவை வரச் சொல்லியிருக்கேன்."

"ஜவஹர்லா உக்காரப் போறானாம். ஒங்க அத்தான் சொல்லிவிட்டாரு." இசக்கியம்மாளின் கண் மேஜை மேலிருந்த சீட்டில் விழுந்தது. "இதுவா?"

எடுத்துப் பார்த்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பேசினாள்.

"இதுல அர்த்தம் கேக்க என்ன இருக்கு. பூ இல்ல, பட்டு இல்ல, நகை இல்ல. சாமியே உன்ன மாதிரித்தானளா நிக்காரு."

தங்கபுஷ்பம் ஊக்கைக் குத்திக்கொண்டாள்.

"நான் மனசுல ஒண்ணும் வச்சுச் சொல்லல," என்றாள் இசக்கியம்மாள். "நவராத்திரிக்கு வெத்தலபாக்கோட வச்சுக் குடுக்கத்தான் அங்க ரவிக்கத் துணி வாங்குவாளுவ. சுமங்கலிக்குக் குடுக்குறத உன் கையால வாங்குவாளுவளா? யோசிச்சுப் பாரு."

"நீங்க போட்டிருக்குற ரவிக்க நான் வெட்டுனதுதான்க்கா."

இசக்கியம்மாள் தன் தோளைப் பார்த்துக்கொண்டாள்.

"அது வீட்டுக்குள்ள."

"துணிக்கு வீடு எது, கடை எதுன்னு தெரியுமா?"

"நல்லாப் பேசுத. பேசிட்டு வந்து அரிசியப் போடு. பயலுவ பசியோட வருவானுவ."

"நான் இன்னைக்குச் சமைக்கலக்கா."

"பின்ன யாரு சமைப்பா?"

"அதுக்கும் ஒரு சீட்டு எடுத்துப் பாருங்க."

இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் அப்படி ஒரு வாக்கியத்தை இசக்கியம்மாள் கேட்டதில்லை. தங்கபுஷ்பம் சீட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியேறினாள். மகள் பங்கஜம் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நல்லவேளை என்று தோன்றியது.

*

பன்னிரண்டு பி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சீட்டை வெளியே எடுக்கத் துணிவில்லை. பைக்குள்ளேயே வைத்துப் பார்த்தாள்.

அச்சுப் படம். சிவப்பு கொஞ்சம் விலகி உதட்டுக்கு வெளியே விழுந்திருந்தது. மற்றபடி பழனியில் பார்த்த அதே முகம். கோவணம் என்று வைரவன் சொன்னார். பூ இல்லை, பட்டு இல்லை என்று அக்கா சொன்னாள். இருவரும் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் எதுவோ சரியாக இல்லை. என்னவென்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மாட வீதியில் கடை பூட்டியிருந்தது. வாசலில் ஒரு ரிக்‌ஷா. ரிக்‌ஷாவில் தையல் மெஷின். மெஷினைப் பிடித்தபடி ஜமீலுன்னிசா.

ஜமீலா திருவல்லிக்கேணியில் வீட்டிலேயே தைத்துக்கொண்டிருந்தவள். தங்கபுஷ்பம் வெட்டித் தருவதை அவள் தைப்பாள். தசமியிலிருந்து மயிலாப்பூருக்கு வாருங்கள் என்று தன் வாடிக்கைக்காரிகளிடம் சொல்லி முடித்துவிட்டாள்.

"இன்னாக்கா, முகம் இப்டிகீது? சாவி எங்க?"

தங்கபுஷ்பம் நடந்ததைச் சொன்னாள். ரிக்‌ஷாக்காரன் மெஷினைக் கீழே இறக்கிவைத்துவிட்டுப் போனான். இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். ஜமீலா சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"இந்தப் புள்ள ஏன்க்கா இவ்ளோ கோவமா நிக்குது?"

தங்கபுஷ்பம் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன சொன்ன?"

"கோவமா கீதேன்னேன். தப்பா சொல்லிட்டேனா? உங்க சாமி, எனக்குத் தெரியாது."

"தப்பில்ல. கோவம்தான்." இத்தனை வருஷம் கும்பிட்ட முகம். இப்போதுதான் பார்ப்பதுபோல் இருந்தது. "வீட்டுல ஒரே ஒரு பழம் இருந்துச்சு. அண்ணன் தம்பி ரெண்டு பேரு. உலகத்தை யாரு முதல்ல சுத்தி வாராங்களோ அவங்களுக்குப் பழம்னு அப்பா அம்மா சொன்னாங்க."

"சரி."

"இவரு உலகத்தைச் சுத்தப் போயிட்டாரு. அண்ணன் அப்பா அம்மாவை மட்டும் சுத்திட்டு, நீங்கதான் எனக்கு உலகம்னாரு. பழத்தைக் குடுத்துட்டாங்க."

"இவரு மெய்யாலுமே சுத்திட்டு வந்தாரா?"

"வந்தாரு."

"வந்தா பழம் இல்லன்னாங்களா?"

"ஆமா."

ஜமீலா சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "அப்ப அவரு கோவிச்சிகினது ஞாயம்தான். அப்பறம் சமாதானமாயி வூட்டுக்குப் போயிட்டாரா?"

"போகல. மலைமேல போய் நின்னுட்டாரு. அப்பா அம்மாதான் அவரைத் தேடிட்டு அங்க போனாங்க."

"அது சரி," என்றாள் ஜமீலா. "உங்க மச்சாண்டாரு துணியைப் பாத்துப் பயந்துட்டாரு. இது துணி இல்லாதவர் படமில்லக்கா. பங்கு குடுக்காதவங்களைக் கேள்வி கேட்டவர் படம்."

தங்கபுஷ்பம் சீட்டைக் கைப்பைக்குள் வைத்தாள். சாமியைத் தேடிப் போனதுபோல் அவளைத் தேடி யாரும் வரப் போவதில்லை. ஆனால் கனகராஜும் அவளும் சேர்ந்து தூக்கிய மூட்டைகள் அந்தக் கடையில் இருக்கின்றன. ஊர் ஊராகத் தறிக்காரர்களைத் தேடிப் போனவர்கள் அவர்கள். கல்லாவைச் சுற்றி வந்தவர் வைரவன்.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஜவஹர்.

"சித்தி," என்றான், தலையைக் குனிந்துகொண்டு. "என் மேல கோவப்படாதீங்க. அப்பா தொறந்து உக்காரச் சொன்னாரு."

"தொற. உக்காரு."

கதவைத் தூக்கினான். உள்ளே புதுச் சுண்ணாம்பு வாசனை. அலமாரிகளில் போன வாரமே தங்கபுஷ்பம் அடுக்கிவைத்த ரூபியா ரவிக்கைத் துணிகள், வெளிறியதிலிருந்து அடர்ந்ததுவரை நிறவாரியாக. ஜவஹர் கல்லா மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

ஜமீலா மெஷினை உள்ளே இழுத்துப் போட்டாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதலில் வந்தது மடிசார் கட்டிய ஒரு மாமி.

"ஏண்டாப்பா, பொம்மனாட்டிகளே விக்கற கடைன்னு பக்கத்தாத்துல சொன்னா. நீ உக்காந்துண்டிருக்கியே."

"தசமிக்குத்தான் திறப்பு மாமி," என்றான் ஜவஹர்.

"அதுக்குள்ள எங்காத்துக் கொலுவே முடிஞ்சுடும். வச்சுக் குடுக்க ஜாக்கெட் பிட் வேணும். அதோட..." மாமி குரலைத் தாழ்த்தினாள். "டெல்லியிலேர்ந்து பொண்ணு வந்திருக்கா. கொழந்தை பொறந்து ரெண்டு மாசம் ஆறது. அவளுக்கு பாடி வேணும்."

ஜவஹரின் காது சிவந்தது. "எத்தனை மீட்டர் மாமி?"

ஜமீலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மீட்டரா? ஏண்டா, உங்காத்துல அதை மீட்டர் கணக்குலயா வாங்குவா?"

ஜவஹர் எழுந்து, மாமியைத் தாண்டி, வெளியே போய் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டான்.

தங்கபுஷ்பம் மேஜைக்குப் பின்னால் வந்தாள். "பால் குடுக்குற பொண்ணா மாமி? முன்னால ஊக்கு வச்சது இருக்கு. பெட்டியைப் பிரிக்கிறேன்."

மாமி அவள் நெற்றியைப் பார்த்தாள். ஒரு கணம்தான். தங்கபுஷ்பம் அந்தப் பார்வைக்காகக் காத்திருந்தாள். இசக்கியம்மாள் சொன்னது இதுதான். பொட்டில்லாத அந்த நெற்றியை அவள் குனிந்து மறைக்கவில்லை.

"நீதான் கடைக்காரியா?"

"ஆமா."

மாமி ஏதோ நினைத்தாள். பிறகு கைப்பையை மேஜையில் வைத்தாள்.

"அந்த மாம்பழக் கலரை எடு. அதுக்குப் பக்கத்துல இருக்கற பச்சையும். சாயம் போகாதே?"

"போகாது. போனா கொண்டாங்க."

"கொண்டு வராம விடுவேனா." மாமி உட்கார்ந்துவிட்டாள். போகும்போது ஜாக்கெட் பிட் ஒரு கட்டு, மகளுக்கு வேண்டியது, தனக்கு ஒரு பாவாடை. படியிறங்கியவள் திரும்பினாள். "அந்தப் பையனை உள்ள விடாதே. பாவம், மயக்கம் போட்டுடுவான்."

*

மதியம் கழிந்து வாசலில் டாக்ஸி வந்து நின்றது. பின்னாலிருந்து வைரவன் இறங்கினார். முன் சீட்டிலிருந்து கூண்டை மார்போடு அணைத்தபடி பஞ்சாட்சரம் இறங்கினார்.

வைரவன் தங்கபுஷ்பத்தைப் பார்க்காமல் கடையைப் பார்த்துப் பேசினார்.

"கடைப் பயலுவளுக்கு இன்னைக்கு ஹோட்டல் சாப்பாடு. கேட்டுக் கேட்டு வாங்கித் தின்னானுவ. இத்தனை நாளு இந்தச் சாம்பாரை விட்டுட்டு என்னத்தத் தின்னோம்னு இருக்கு. வீட்டுலயும் சொல்லிட்டுத்தான் வந்தேன். நீ சமைக்காததுல ஒண்ணும் குடிமுழுகல."

"அப்ப நல்லதாப் போச்சு," என்றாள் தங்கபுஷ்பம்.

"ஓய், விரியும். ஜவஹர் பேருக்கு ஒரு சீட்டு எடுத்திரலாம். வழக்கத்தை விடக் கூடாது."

பஞ்சாட்சரம் படியில் துணியை விரித்தார். கூண்டை வைத்தார். கட்டைக் கையில் எடுத்தவர் அப்படியே இருந்தார்.

"என்ன?"

"ஒரு சாமி கொறயுது சார். அம்மாகிட்ட கீது."

"ஒண்ணு இல்லாட்டி என்ன. மத்ததுல எடும்."

"அப்டி எட்தா செல்லாது சார். எங்க நைனா காலத்துலேந்து கட்டு முழுசா இருந்தாத்தான் கிளியை எறக்குவோம். இல்லாத சாமி கோவிச்சிக்கும்."

"என்னய்யா வழக்கம் இது," என்று ஆரம்பித்த வைரவன் அங்கேயே நிறுத்திக்கொண்டார். கையை நீட்டினார். "சீட்டைக் குடு தங்கபுஷ்பம்."

"தாரேன் அத்தான். காலையில பாதிப் பாட்டுல நிறுத்திட்டிய. மீதியைப் பாடச் சொல்லுங்க. அப்புறம் தாரேன்."

எதிர்வரிசையில் பூக்கட்டுகிறவள் கையை நிறுத்தியிருந்தாள். வைரவனுக்குத் தெருவில் சத்தம் போடப் பிடிக்காது. அவள் அதை அறிந்தவள்.

பஞ்சாட்சரம் முதலாளியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். கிளியைப் பார்த்துக்கொண்டே பாடினார்.

"காலையில ஆண்டி, சாயரட்சையில ராஜா. கொடுக்காத கனிக்குக் கோவிச்சு நடந்தான், குன்றத்தையே ஊராக்கி நின்னான்." பாட்டை விட்டுப் பேச்சுக்கு வந்தார். "இந்தச் சீட்டு வந்தவங்களுக்குப் பெரியவங்க கையால கெடைக்காது. தானா தேடினா ஒண்ணுக்குப் பத்தாகும். இதான் சார் மீதி."

"சாயங்காலம் கட்டுறது பூசாரி உடுத்துற பட்டுய்யா," என்றார் வைரவன். "அதைக் கழட்டினா கோவணம்தான்."

"கோவணம்தான் அத்தான்," என்றாள் தங்கபுஷ்பம்.

கைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிடித்தாள்.

"நீங்க ஜவுளிக்காரரு. சாமியையும் துணியை வச்சு அளந்துட்டிய. அவரு கட்டியிருக்கது ஒரு முழம். அதைப் பாக்க ஊரு உலகமெல்லாம் காவடி தூக்கிட்டு மலையேறுது. உங்க கடையில ஒரு கல்யாணப் பட்டுக்கு அத்தனை பேரு ஏறினதுண்டா? நான் விக்கப் போறது ஒரு மீட்டர் துணி. எனக்கு வேற எந்தச் சாமி வரும்?"

வைரவன் பூக்கட்டுகிறவள் பக்கம் பார்த்தார்.

"அவரு ஒண்ணும் இல்லாமப் போனவரில்ல. உலகத்தைச் சுத்திட்டு வந்து பங்கைக் கேட்டவரு. நானும் என் வீட்டுக்காரரும் சுத்தின ஊருக்குக் கணக்கு நான் கேக்கல. உக்கார ஒரு நாற்காலி கேட்டேன். அதையும் தாரேன்னு சொல்லிட்டு, கிளி பேரைச் சொல்லிப் பிடுங்குதிய."

சீட்டைக் கட்டின் மேல் வைத்தாள்.

"இப்ப முழுசா இருக்கு. ஜவஹர் பேருக்கு எடுங்க. நான் தடுக்கல."

பஞ்சாட்சரம் கூண்டுக் கதவில் விரலை வைத்தார்.

"வேணாம்," என்றான் ஜவஹர்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"லட்சுமியே வந்தாலும் நான் இங்க உக்கார மாட்டேன்ப்பா. இன்னைக்கு ஒரு மாமி வந்தா. நாளைக்குப் பத்து மாமி வந்து அளவு சொன்னா நான் எங்க போய் ஒளிய?" சாவியைத் தங்கபுஷ்பத்தின் கையில் திணித்தான். "சித்தி நல்லா விக்கிறா. நான் வெளிய நின்னு பாத்தேன்."

வைரவனின் உதடு ஒரு பக்கம் இழுத்தது. சத்தம் போடுவார் என்று ஜமீலா பின்வாங்கினாள். அவர் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"சரி. சீட்டு உன்னது. அர்த்தமும் நீயே சொல்லிட்ட. அப்ப முழுசா ஏத்துக்க. கோவிச்சுக்கிட்டவன் மலைக்குப் போனான். மத்தியானம் வந்து வீட்டுல சோறு தின்னுட்டுப் போகல. நீ இங்க உக்காரணும்னா, அந்த வீட்டுப் படி ஏறாத."

பூக்காரி நூலைக் கடிக்க மறந்தாள்.

தங்கபுஷ்பம் இதை எதிர்பார்க்கவில்லை. கடையின் பின்பக்கம் ஒரு சிறு அறை. தண்ணீர்க் குழாய் முற்றத்தில். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் யோசித்தால் பயம் வந்துவிடும்.

"சரி," என்றாள்.

"என்ன சரி?"

"அந்தப் படி ஏறல. பங்கஜத்தை மட்டும் கூட்டிட்டு வந்திருதேன்."

"பங்கஜம் எங்க வீட்டுப் பிள்ளை. என் தம்பி மக. எங்கயும் வரமாட்டா." வைரவன் டாக்ஸிக் கதவைத் திறந்தார். "சாமி தனியாத்தான் போனாரு. உன் சீட்டுல பிள்ளை இல்ல."

"சீட்டுல இல்லாததையும் செய்வேன் அத்தான்."

டாக்ஸி போயிற்று. ஜவஹர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி, அதன் பின்னாலேயே போனான். பஞ்சாட்சரம் விட்டுப்போன கூலிக்காகச் சற்று நின்றார். பிறகு கூண்டைத் தூக்கிக்கொண்டு குளக்கரைப் பக்கம் நடந்தார். தங்கபுஷ்பம் சாவியை ஜமீலாவிடம் நீட்டினாள்.

"கதவை எறக்காத. மெஷினை நிறுத்தாத. யாராவது வந்தா கடை இருக்குன்னு தெரியணும்."

"தனியா போறியே அக்கா. நானும் வர்றேன்."

"வேணாம். என் பிள்ளையைக் கூட்டிட்டு வாரதுக்கு எனக்குத் துணை எதுக்கு."

*

தி. நகர் சந்துக்குள் அவள் நுழைந்தபோது விளக்கு வைக்கும் நேரம். கடைப் பையன்கள் சாயங்கால டீ குடிக்கும் சத்தம் இல்லை. வீட்டுப் புகைபோக்கியில் புகையும் இல்லை.

பங்கஜம் பள்ளிக்கூடத் தாவணியை மாற்றாமல் வாசலில் நின்றிருந்தாள். கையில் புத்தகப் பை. பக்கத்தில், வெளிவாசல் கல்லின் மேல், கால்களை நீட்டி இசக்கியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு தகரப் பெட்டி.

தங்கபுஷ்பம் படிக்குக் கீழேயே நின்றாள்.

"படி ஏறக் கூடாதுன்னுட்டாரு அக்கா. பங்கஜத்தை அனுப்புங்க."

"தெரியும். ஜவஹர் வந்து சொல்லிட்டான்."

இசக்கியம்மாளின் முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. பெட்டியை வெளியே எடுத்து வைத்து அனுப்பும் அளவுக்குப் போய்விட்டார்களா என்று தங்கபுஷ்பத்துக்கு வாய் கசந்தது. கேட்கத்தான் வேண்டும்.

"பெட்டியில என்ன?"

"துணி. உனக்கு, பங்கஜத்துக்கு."

"நீங்க எதுக்கு எடுத்து வச்சிய. நான் கேக்கலையே."

"நீ எதத்தான் கேட்ட."

தங்கபுஷ்பம் குனிந்து ஒரு பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். பெட்டி அசையவில்லை.

"இவ்வளவு கனமா? எங்க ரெண்டு பேருக்கும் இத்தனை துணி ஏதுக்கா?"

இசக்கியம்மாள் எழுந்தாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"கல்யாணமாகி வந்த அன்னைக்குப் பிடிச்ச கரண்டி," என்றாள், யாரையும் பார்க்காமல். "ஹோட்டல் சாம்பார் நல்லாருக்காம். பயலுவ முன்னால சொல்லுதாரு. நான் கையில இலையை வச்சுக்கிட்டு நிக்கேன், என் முன்னால சொல்லுதாரு."

பங்கஜம் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள்.

"அந்தக் கடையில பின்னால ஒரு ரூம் இருக்குன்னியே," என்றாள் இசக்கியம்மாள். "அங்க அடுப்பு இருக்கா?"

"இல்லக்கா."

"நல்லது. என் சீலையும் இதுக்குள்ளதான் கெடக்கு."

பெட்டியின் மறுபக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தாள். சந்தின் முனையில் அவள் வரச் சொல்லியிருந்த டாக்ஸியின் ஹாரன் கேட்டது.

"தூக்குளா," என்றாள்.